டேராடூனுக்குப் புறப்பட்ட லாரி

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அருண்பாண்டி முடிவெடுத்துவிட்டான். உத்தமபாளையத்தைக் காலி செய்துவிட வேண்டியதுதான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கி முப்பத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவனைப் பொறுத்தவரை அதுவே நீண்ட காலம்.

தப்பு அவன் மேல் மட்டும் இல்லை, கம்பெனி மேலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைதானே, எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள். எல்லா ஊரிலிருந்தும் செய்ய வேண்டும் என்று அவன் எடுத்துக்கொண்டான். லூதியானாவில் குளிர் ஆகவில்லை. இந்தூரில் பக்கத்து வீட்டு நாய் ஆகவில்லை. புவனேஸ்வரில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அதுதான் அவனுக்கு ஆகவில்லை.

மூத்தவள் சிம்ரன், லூதியானாவில் பிறந்து அந்தப் பக்கத்துப் பெயரை வாங்கிக்கொண்டவள். இளையவன் அஜய்குமார் இந்தூர்ப் பிறப்பு. ஏழு வயதுக்குள் சிம்ரன் மூன்று பள்ளிக்கூடமும், ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறியதில் எட்டு வீடும் பார்த்துவிட்டாள். ஒரு தோழியின் வீடு எந்தத் தெருவில் என்று தெரிந்துகொள்வதற்குள் இவள் வீடு மாறிவிடும். புவனேஸ்வரில் லாரி ஏற்றிய அன்று அவள் அழக்கூட இல்லை. பொம்மைகளைத் தானே பெட்டியில் அடுக்கினாள், தானே டேப் ஒட்டினாள். அதைப் பார்த்து அம்மா ஜோதிலட்சுமிதான் அழுதாள். அழுது முடித்து, இனிமேல் நம்ம பக்கமே போய் இருந்துவிடுவோம் என்றாள். அருண்பாண்டி உடனே தலையாட்டினான். இடம் மாறுவது என்றால் எந்த இடமாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம்.

அவனுக்குப் பிறந்த ஊர் தேவாரம், அவளுக்குப் பொட்டிப்புரம். இரண்டுக்கும் கூப்பிடு தூரத்தில் உத்தமபாளையத்தில் வாடகைக்கு ஒரு வீடு. சொந்தபந்தம் சுற்றிலும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? டேராடூன் வேண்டும். மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, போனில் ஊர் ஊராகத் தள்ளிப் பார்த்து, கடைசியில் அவன் டேராடூனில் வந்து நின்றிருந்தான். இன்னும் பத்து நாளில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அசைய முடியாது. அதை நினைத்தாலே அவனுக்குக் கால் பரபரத்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனான். ஜோதிலட்சுமி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜோதி, இந்தக் காத்தைப் பாத்தியா?"

"எந்தக் காத்து?"

"இப்ப அடிக்கல. இனிமே அடிக்கும். ஆனி ஆடியில இங்கன அடிக்கிற காத்துல ஆளு நிக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஆகுமா?"

"நீங்க இந்தக் காத்துலதான வளந்தீக."

"அதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறேன்."

தோசையைத் திருப்பிப் போட்டாள். "எந்த ஊரு?"

"டேராடூன்."

"அங்கன காத்து இல்லையா?"

"இருக்கு. அது நல்ல காத்து."

இதற்குப் பிறகு சொல்வதற்கு அவன் ஏழு காரணங்கள் வைத்திருந்தான். கொசு, கரண்ட், சொந்தக்காரர்கள் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"சரி, போவோம்" என்றாள் ஜோதிலட்சுமி. "வர்ற புதன்கிழமை நாள் நல்லாருக்கு. லாரியும் ரயில் டிக்கெட்டும் நான் பாத்துக்கிறேன். முத்துப்பாண்டி அண்ணன்கிட்டச் சொல்லியாச்சு."

"திராட்சை லோடு அடிக்கிறவரா? அவரு வண்டி டேராடூன் போகுமா?"

"நாம சொல்ற எடத்துக்குப் போகுமாம்."

இப்போதுதானே ஊர்ப் பெயரைச் சொன்னோம், அதற்குள் எப்போது லாரிக்குச் சொன்னாள் என்று அவன் கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிறவன் எதையும் கேட்பதில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாம லூதியானா போனதுக்கு உங்க மாமா நாலு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல. இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் நேர்ல போயிச் சொல்லணும். நீங்கதான் போகணும். வெறுங்கையோட போயி நிக்கக் கூடாது."

மத்தியானத்துக்குள் பதினொரு மஞ்சள் பை தயாராகிவிட்டது. ஒவ்வொன்றிலும் கொழுந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கற்கண்டு.

"தட்டுல எடுத்து வச்சு ரெண்டு கையாலயும் குடுங்க. 'புதன்கிழமை காலையில, குடும்பத்தோட அவசியம் வந்துரணும்'னு வாய் நெறையச் சொல்லுங்க."

"வழியனுப்புறதுக்கா இம்புட்டு மரியாதை?"

"பெரியவுக வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணுனாத்தான் போற எடத்துல நெலச்சு இருப்போம்."

நியாயம்தான் என்று பட்டது. பைகளை பைக்கில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

முதல் வீடு தேவாரத்தில் தாய்மாமன் செல்லப்பாண்டி வீடு. ஜோதி சொன்னபடியே தட்டை நீட்டி, சொன்னபடியே சொன்னான். மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாங்க டேராடூன் போறோம் மாமா."

"போங்க, போங்க. வீடு எப்படி?"

"மூணு ரூமு. போட்டோவுல பாத்தேன்."

"தண்ணி?"

"மலையிலருந்து வருது."

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்?"

"நடந்து போற தூரம்."

"பெறகென்ன மாப்ளே. புதன்கிழமை மொத ஆளா நான் நிப்பேன்."

கதவுக்குப் பின்னால் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாம் ஊரை விட்டுப் போகிறோம் என்று அழுகிறாள் போல என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தான். அப்புறம்தான் கவனித்தான், தோள் குலுங்குவதைப் பார்த்தால் அழுகிற மாதிரி இல்லை.

பொட்டிப்புரத்தில் ஜோதியின் சின்னம்மா சோணையம்மாள் இலை போட்டே வைத்திருந்தாள். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் வருவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தான், சின்னம்மா அதில் ஒரு கறித்துண்டை வைத்துவிட்டாள். அங்கே மட்டும் மூன்று மணி நேரம் ஆனது.

மறுநாள் கம்பத்தில் அக்காள் மாரீஸ்வரி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கண்கலங்கினாள்.

"நல்ல காரியம் பண்ணுன தம்பி. இனிமேதான் பிள்ளைக மூஞ்சியில சிரிப்பு வரும்."

"அக்கா, நான் ரொம்பத் தூரம் போறேன்."

"தெரியும்டா. அந்தப் பாயசத்தைக் குடி."

இரண்டு நாளில் பதினொரு வீடும் முடிந்தன. இரண்டு கிலோ எடை கூடியிருந்தது. ஆனால் அருண்பாண்டியின் மனசு சரியில்லை. ஆயிரத்து எண்ணூறு மைல் தள்ளிப் போகிறேன் என்கிறான், ஏன் போகிறாய் என்று ஒருத்தர் கேட்க வேண்டாமா? இருந்துவிடு என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தாலும் அவன் இருந்திருக்க மாட்டான். ஆனாலும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு சனம் தடுக்கல ஜோதி. நம்ம போறதுல அம்புட்டுப் பேருக்கும் சந்தோசம்."

"உங்க சந்தோசந்தான் அவுகளுக்கு முக்கியம்" என்றபடி ஜோதிலட்சுமி பெட்டிக்கு டேப் ஒட்டினாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு முத்துப்பாண்டியின் லாரி வந்தது. ஒன்பதுக்கெல்லாம் சாமான் ஏறிவிட்டது. தேனி வரை லாரி, அங்கிருந்து மதுரைக்குப் பஸ், மதுரையில் ரயில் என்பது ஏற்பாடு. கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தேனியில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று ஜோதியும் சிம்ரனும் முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டார்கள். அருண்பாண்டி அஜய்குமாரை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினான். வழியனுப்ப ஒரு ஆள் வரவில்லை. வாய் நிறைய வருகிறேன் என்று சொன்ன பதினொரு வீட்டிலிருந்தும் ஒரு ஈ காக்காய் இல்லை. தட்டுக் கொடுத்ததே வீண் என்று வயிறெரிந்தான்.

லாரி கிளம்பியது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நேரே போக வேண்டியது, இடது பக்கம் திரும்பியது.

"அண்ணே, தேனி ரோடு நேர."

"தெரியும் தம்பி."

"டீசல் போடணுமா?"

"டீசல் நெறையக் கெடக்கு."

இரண்டாவது தெருவில், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு வீட்டு முன்னால் லாரி நின்றது. வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். வாசல் கொள்ளாமல் சனம். பதினொரு வீட்டுச் சனமும் பட்டுச்சேலை, வெள்ளை வேட்டியில் நின்றது.

"டேராடூன் வந்துருச்சு. எறங்குங்க" என்றார் முத்துப்பாண்டி.

அவன் இறங்குவதற்குள் செல்லப்பாண்டி மாமா கையைப் பிடித்துவிட்டார். "ஏலே, பாக்கு வச்சு ஊரையே கூப்பிட்டுட்டு நீ இம்புட்டு நேரங்கழிச்சு வர்ற? பால் காய்ச்சுற நேரம் போகுதுல்ல."

அப்போதுதான் அருண்பாண்டிக்கு விளங்கியது. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவது வழியனுப்ப இல்லை, விசேஷத்துக்கு. இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஒன்பது வருஷம் போனிலேயே எல்லாரையும் கூப்பிட்டுப் பழகியவனுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை. இரண்டு கையாலும் தட்டை நீட்டியது அவன். குடும்பத்தோடு அவசியம் வந்துரணும் என்று பதினொரு முறை வாய் நிறையச் சொன்னதும் அவன். பாக்கு வைத்தவனே பின்வாங்கினான் என்றால் அப்புறம் இந்தச் சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுப்படியில் ஜோதிலட்சுமி பால் பானையோடு நின்றாள். அவன் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"என்னதிது?"

"இந்த வீட்டை மூணு வருசம் ஒத்திக்குப் பேசிருக்கேன். பின்னால ரெண்டு முருங்கை நிக்கிது."

"பள்ளிக்கூடம்?"

"திங்கக்கெழமையே சேத்தாச்சு. நீங்க கம்பத்துல பாயசம் குடிச்சீகள்ல, அப்ப."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"உங்களைத் தவிர எல்லார்ட்டயும் கேட்டேன். மாமாகிட்டக் கேட்டேன், அண்ணிகிட்டக் கேட்டேன், சின்னம்மாகிட்டக் கேட்டேன். அவரு டேராடூன் டேராடூன்னு சொல்லுவாரு, நீங்க சாப்பாட்டைப் போட்டு அனுப்புங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் மாட்டேங்கல."

பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை நாகஜோதி தயங்கித் தயங்கி உள்ளே வந்து சிம்ரனிடம் எந்த ஸ்கூல் என்று கேட்டாள். சிம்ரன் தன் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னாள். நாகஜோதியும் அதே பள்ளிக்கூடம், அதே மூன்றாம் வகுப்பு. சிம்ரன் லாரிக்கு ஓடினாள். தன் பொம்மைப் பெட்டியை இறக்கச் சொல்லி, டேப்பைப் பல்லாலேயே கடித்துப் பிய்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அருண்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இந்தப் பிள்ளையைத்தானே இத்தனை ஊர் இழுத்தடித்தோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரி, இருந்துதான் பார்ப்போமே என்று நினைத்தான்.

அந்த நினைப்பு பந்தி முடிகிற வரைக்கும் தாங்கியது. கைகழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் ஆடத் தொடங்கியது. மூணு வருஷம். முப்பத்தாறு மாதம். ஒரே வீடு, ஒரே முருங்கை.

ஜோதிலட்சுமி அவன் காலைப் பார்த்தாள்.

"காலு சும்மா இருக்க மாட்டேங்குதுல்ல?"

"இல்லையே."

"அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டேன். நம்ம சனத்துல மாசத்துக்கு ஒரு வீடாவது மாறிக்கிட்டுத்தான இருக்காக. எங்க வீட்டுக்காரருக்கு அதுல நல்ல அனுபவம், கண்ணாடிச் சாமான்கூட ஒடையாம ஏத்தி எறக்குவாகன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அருண்பாண்டி மறுபடியும் வீடு மாற்றிக்கொண்டிருந்தான், கம்பத்தில், அக்காளுடைய வீட்டை.