பூவம்மாள் பீரோ மூன்றாம் மாடி ஏறிய படலம்

வாழி பூவம்மாள்! வங்கக் கடலும் வாய்பொத்திக் கேட்கும் ஏலக்குரலாள், வஞ்சிர மீன் வேந்தரையும் வவ்வால் மீன் சிற்றரசரையும் ஒரு சொல்லில் கூடை மாற்றும் கோமகள், வாழி! அவள் பீரோ பறந்த நாளில் கல்மண்டபத்துப் பருந்துகள் அண்ணாந்து பார்த்தன. துறைமுகத்தில் நின்ற பன்னிரண்டு கப்பல்களும் சங்கூதி வழிவிட்டன. எண்ணூர்ப் புகைபோக்கி ஒன்று திகைத்துத் தன் புகையைத் தானே விழுங்கிற்று. நம்பாதவர் கேட்க, நம்புகிறவர் இன்னும் உன்னிப்பாகக் கேட்க.

அது வெறும் பீரோவன்று. ஆறரை அடி உயர்ந்த அஞ்சா நெஞ்சன், கண்ணாடி மார்பன், கைப்பிடி உடைந்தும் கடமை தவறாதவன். இடித்துத் தள்ளிய பழைய ஒற்றையறை வீட்டில், மகன் வல்லரசு மணமுடித்த நாள்முதல் நட்டநடுவே நின்று, இப்புறம் மாமியார், அப்புறம் மகனும் மருமகள் ஷாலுவும் என ஓரறையை ஈரறையாக்கிய இரும்புச் சுவர். அவ்விடத்தில் நான்கு மாடிப் புதுக் கட்டடத்தைக் கட்டியவன் காற்றுக்கு வழி வைத்தான். கடலுக்குப் பார்வை வைத்தான். வாசலில் நிறம்நிறமாய்ப் பட்டையும் தீட்டி வைத்தான். ஒரேயொரு ஹாலை வைத்தவன், அதில் இரண்டு தலைமுறை படுத்துறங்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவில்லை.

ஆதலின் அவ்வெள்ளிக்கிழமை காலையில், குடிபோகும் வேளையில், பூவம்மாள் படிக்கட்டின் அடியில் நின்று வஞ்சினம் உரைத்தாள்: "பத்தரைக்கு ராவு காலம். அதுக்குள்ள பீரோ உள்ள வர்லன்னா பால் காய்ச்ச மாட்டேன். நடுவுல மறைப்பு இல்லாத வூட்ல எம்மருமவ எப்டிப் படுப்பா? இத்தினி நாளா இருந்த வாடகை வூட்டுக்கே திரும்பிப் பூடுவேன், ஆமா!"

முதற்போர் படிக்கட்டில் மூண்டது. நால்வர் தூக்கினர். முதல் திருப்பத்திலேயே தலை கொடுத்தால் கால் இடித்தது. கால் கொடுத்தால் கைப்பிடிச்சுவர் கடித்தது. இலங்கைத் தீவின் அளவுக்குப் பூச்சு உதிர்ந்தது. தரைத்தள வேந்தர் பக்தவச்சலம், ஆயுளெல்லாம் கட்டட வரைபடம் வரைந்து ஓய்ந்தவர், இன்ச் டேப்பை உடைவாளென உருவி அளந்து தீர்ப்பு நல்கினார்: "திருப்பம் மூணடி. உன் பீரோ ஆறரை. இந்த ஜென்மத்துல மேல ஏறாது பூவு. பழைய இரும்புக் கடை பக்கத்துலதான் கீது."

அது கேட்டுச் சினந்தெழுந்தது கடற்கரைச் சேனை. கரைக்குப் படகிழுத்துக் காய்த்த தோளினர் பன்னிருவர், வெள்ளத்துரை தலைமையில் வந்தனர். மொட்டைமாடித் தூணில் கப்பி கட்டினர். பீரோவின் இடுப்பில் வடம் பூட்டினர். வடத்தைத் தோளில் சார்த்திக் கட்டடத்துக்கு முதுகு காட்டித் தெருவோடு நடந்தனர். மூன்றாம் மாடி நடைபாதைச் சுவரருகே வல்லரசு இரு கையும் விரித்துக் காத்து நின்றான்.

பாட்டெடுத்தான் வெள்ளத்துரை. "ஐலசா!" என்றது சேனை. எழுந்தது பீரோ! முதல் மாடி கடந்தது. இரண்டாம் மாடி கடந்தது. கதிரொளி பட்ட கண்ணாடி இராயபுரம் முழுவதையும் ஒருகணம் கண்கூசச் செய்தது. மூன்றாம் மாடியையும் கடந்தது.

ஆம், கடந்தது. ஏனெனில் இழுவைப் பாட்டில் இன்னும் இரண்டடி மிச்சமிருந்தன. பாட்டை நடுவில் விட்டால் படகு பின்வாங்கும் என்பது அந்தக் கடற்கரையின் விதி. "டேய், நிறுத்துங்கடா! வூடு தாண்டிப் போய்க்கினு கீது!" என்ற வல்லரசின் கதறல் ஐலசாவில் அமிழ்ந்தது. பாட்டை முறைப்படி முடித்துத் திரும்பிப் பார்த்த பன்னிருவரும், மொட்டைமாடிக் கப்பியில் முட்டி நின்ற பீரோவைக் கண்டு வாய்பிளந்தனர்.

மணி பத்து இருபது. ஏற்றத்துக்குப் பாட்டுண்டு, இறக்கத்துக்கில்லை. கடலிறங்கும் படகை யார் கயிற்றில் விடுவார்? பாட்டில்லாமல் ஒருவன் ஒரு சாண் விட்டான், ஒருவன் ஒரு முழம் விட்டான்; வடம் திமிறி வழுக்க, பீரோ சாய்ந்து கதவு திறந்து, கீழே அண்ணாந்து நின்ற பக்தவச்சலத்தின் வழுக்கை மேல் தேவர்கள் சொரியும் பூமாரிபோல் அந்துருண்டை மாரி பொழிந்தது.

"சொன்னேன்ல!" என்றார் அவர், ஒன்றைக் காதிலிருந்து எடுத்தவாறு.

அப்போதன்றோ பூவம்மாள் தெரு நடுவே வந்து, இடுப்பில் கைவைத்து, காசிமேட்டு விடியலைக் கிழிக்கும் அந்தக் குரலை எடுத்தாள்! "ஒரு தரம்!" என்றாள்; பன்னிருவர் கைகளும் ஒருசேர ஒரு பாகம், இருகை விரித்த நீளம், விட்டன. "ரெண்டு தரம்!" என்றாள்; பீரோ நான்காம் மாடியைத் தாண்டி இறங்கியது. பீரோவின் அடி மூன்றாம் மாடிச் சுவரைத் தொட்ட கணத்தில், "மூணு தரம்!" என்றாள்.

கற்சிலையாயின கைகள். மூன்றாம் தரத்துக்குப் பின் ஏலத்தில் கை அசைத்தவன் கரையில் பிழைத்ததில்லை. வல்லரசு பாய்ந்து தழுவினான். ஷாலு வடத்தைப் பற்றி உள்ளிழுத்தாள். இரும்புச் சுவர் வாசல் நுழைந்து, ஹாலின் நட்டநடுவே, தன் பழைய அரியணையில் அமர்ந்தது. அதற்கப்பால் போய் நின்று பார்த்த ஷாலு, இப்புறம் யாரும் தெரியவில்லை என்று அறிவித்தாள். பத்து இருபத்தெட்டுக்குப் பால் பொங்கிற்று.

பன்னிருவருக்கும் பால் வழங்கியபின், இன்ச் டேப்பைச் சட்டைப்பைக்குள் சுருட்டியபடி மூன்றாம் மாடி வந்து பீரோவைத் தட்டிப் பார்த்த பக்தவச்சலத்துக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள் வெற்றித்திருமகள். ஊர் மூச்சடக்கிற்று. அவர் ஒரு வாய் குடித்தார்.

"சரிம்மா, பீரோ ஏறிட்ச்சு, ஒத்துக்கிறேன், பால்ல சக்கரை கம்மியா கீது."