ஆயுத பூஜைக்குத் தேய்த்த ஜெர்மன் வாள்

பிளெய்ன்ஸ்பரோ,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய வாஞ்சிநாதன் அங்கிளுக்கு,

கவின் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். ஆலன் ஊரில் தாங்களும் விசாலாக்ஷி ஆன்ட்டியும் நலம் என்று விஷாகா சொன்னாள். வாள்தான் நலமில்லை.

"நீ மெட்டலர்ஜி படிச்ச பையன்தானே? என் ஜெர்மன் வாள் எந்த வருஷம்னு நிரூபிச்சுக் காட்டு, மறுநாளே உனக்கும் என் பொண்ணு விஷாகாவுக்கும் முகூர்த்தம் பாக்கறேன்" என்றீர்கள். இறந்தவர் வீட்டுச் சாமான் விற்கும் எஸ்டேட் சேலில் வாங்கிய அந்த வாள் 1870 பிரெஞ்சு யுத்தத்துக்குப் போய்வந்தது என்பது உங்கள் கட்சி. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கைப்பிடியை ஒட்டி வாளின் முதுகில் குத்திய முத்திரையின் போட்டோ. கிரீடம், அதன்கீழ் அரசரின் முதலெழுத்து, அதன்கீழ் வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள், அவ்வளவுதான். முதல் போட்டோவில் முத்திரை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். துடையுங்கள் என்றால், இரண்டாவதில் முனையில் எலுமிச்சம்பழம். மூன்றாவதில் பட்டு வேட்டியில் வாளோடு நீங்கள், பின்னால் பொட்டு வைத்த கார். நான்காவதாக வீடியோ வந்தது. "ஏங்க, புளி போட்டுத் தேய்ச்சும் கருப்பு போகலையே?" என்கிறார் ஆன்ட்டி. "இரு, ட்ரில்லுல எமரி பேப்பர் மாட்டி ஒரு இழுப்பு இழுத்துடறேன்" என்கிறீர்கள். அங்கிள், அந்தக் கருப்புதான் வாளோட வயசு! பித்தளைக் குடமா அது? இப்போது மிச்சம் பாதிக் கிரீடம், ஒரு டபிள்யூ, ஓர் எட்டு. அடுத்த எண் உங்கள் கராஜ் தரையில் தூளாகக் கிடக்கிறது. எட்டில் தொடங்கினால் 1880க்கு முந்திப் போகவே போகாது. யுத்தம் முடிந்து ஒன்பது பத்து வருஷம் கழித்துப் பிறந்த வாள் அங்கே யாரைப் போய் வெட்டும்? சாட்சியை அழித்தது நீங்கள், நிரூபிக்க வேண்டியது நானா? முகூர்த்தத்தை வாளிலிருந்து தயவுசெய்து அவிழ்த்து விடுங்கள்.

ஆன்ட்டியை விசாரித்ததாகச் சொல்லவும்.

எமரி படாத ஆசியை வேண்டும்,
கவின்

பி.கு.: உங்களுக்கு நான் அனுப்பிய பழைய மெசேஜை விஷாகா இப்போதுதான் தேடியெடுத்து எனக்கு அனுப்பினாள். "துடையுங்கள்" என்று அதில் இல்லை. "மீட்டிங்ல இருக்கேன் அங்கிள், எதையாவது போட்டுப் பளபளன்னு தேய்ச்சுட்டு அனுப்புங்க" என்று இருக்கிறது. ஆகவே மறுபடி ஆராய்ந்தேன். நான் அடித்துச் சொன்ன அந்த எட்டு, குங்குமம் ஒட்டிய ஏழாகவும் இருக்கலாம். அடுத்த எண் பூஜ்யம் இல்லை என்று இனி உலகத்தில் எவனாலும் நிரூபிக்க முடியாது. 1870தான், மாமா. முகூர்த்தம் என்றைக்கு?