நண்டு சுமந்த பழி

மகள் வளர்த்த மென்பவளம் என்ற கடல் உயிர் இன்றைக்கும் சுருங்கிக் கிடந்தது. கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் தையல்காரர்.

வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது, "இத மட்டும் பத்திரமாப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மகள். அவள் போன புதிதில் அந்தப் பவளத்தைப் பார்த்துப் பார்த்தே மனைவி அழுது ஓய்ந்தார். இப்போது அது வாடுவது தெரிந்தால் உடைந்து போய்விடுவார். சத்தமில்லாமல் தேற்றிவிட வேண்டும்.

மனைவி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனதும், வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். பவளம் தொட்டிக்குள் அடுக்கிய கற்களில் மேல்கல்லில் இருப்பதாகச் சொல்ல, வெளிச்சம் அதிகம், கீழே இறக்குங்கள் என்றார் அவர். இறக்கி வைத்துவிட்டுத் தையல்காரர் நிம்மதியாகத் தன் தையல்கடைக்குப் போனார்.

மாலையில் வந்து பார்த்தால் பவளம் மேல்கல்லில் உட்கார்ந்திருந்தது. முன்னைவிடச் சுருக்கமாக.

தொட்டியில் கால் உள்ள ஜீவன் ஒன்றே ஒன்றுதான், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. மனைவி சுத்தம் பார்ப்பவர், தொட்டியின் உப்புத்தண்ணீரில் விரல்கூட நனைக்காதவர். எனவே விசாரணையே இல்லாமல் நண்டு வாளிக்கு நாடு கடத்தப்பட்டது. அதற்கு உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அவரும் ஏனோ, கொஞ்ச நாள் அங்கேயே கிடக்கட்டும் என்றார்.

மறுநாளும் காலையில் இறக்கிய பவளம் மாலையில் ஏறியிருந்தது. அடுத்து, தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் பம்பின் மேல் சந்தேகம் வந்தது. ஓட்டத்தைக் குறைத்தார், பவளத்தின் மேல் அழுக்குதான் படிந்தது. பழைய பஞ்சு மாதிரி ஆகிவிட்ட அதைப் பார்க்கையில், பெற்ற பெண் காய்ச்சலில் கிடப்பதுபோல இருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவில் காட்டச் சொல்லி மகள் வேறு கேட்டிருந்தாள்.

ஞாயிறு காலையில் மனைவி சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்தார். தினமும் இறக்குவதையும் அது தானாக ஏறுவதையும் சொன்னார். கடைக்காரர் நம்பவில்லை.

"பவளம் நடக்காது சார். சும்மா ஒரே எடத்துல விட்டாலே தேறிடும்."

"அப்ப யாரு தூக்கறா? நண்டுகூட வாளியிலதான் இருக்கு."

கதவு திறந்தது. பணப்பையை மறந்துவிட்டுப் போன மனைவி, கடைக்காரரைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு, கீழ இருக்கற பவளம் வாடுதுன்னு தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து நின்னீங்களேம்மா, நானும் மேல தூக்கி வைக்கச் சொன்னேனே, அது இந்தப் பவளம்தானா?"