ராஜா குளித்த நீல வாளி

விடுமுறைக்குக் கடற்கரைக்கு வருகிற குடும்பத்துக்குத் தேவையானவை ஒரு கூரை, கட்டில், தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள். விடுதிக்காரரிடம் இந்த நான்கும் இருந்தன. கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை, பின்கட்டில் அவரும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும். ஜன்னலைத் திறந்தால் கடல். பன்னிரண்டு வருடம் அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு ஊருக்கு ராஜ மோகம் பிடித்தது. மேட்டில் கிடந்த பழைய அரண்மனைக்கு வெள்ளையடித்துத் திறந்துவிட்டார்கள். கடலைப் பார்க்க வந்த கூட்டம் சிம்மாசனத்தைப் பார்க்கப் போயிற்று. முப்பதடி தள்ளி, கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கும் நாற்காலியில் ஒரு சுகம் இருக்கிறது. உட்கார முடிகிற நாற்காலியில் அது கிடையாது. முடிவெட்டும் கடை 'ராஜ சலூன்' ஆனது. பஞ்சர் ஒட்டுகிறவர்கூட 'அரச பஞ்சர் நிலையம்' என்று எழுதிக்கொண்டார். விடுதிக்காரரின் அறைகள் மட்டும் வெறும் அறைகளாக, காலியாக இருந்தன.

மனைவியின் தம்பிதான் யோசனை சொன்னான்.

"மச்சான், ஒரு போர்டு வைங்க. ராஜா தங்கிய அறைன்னு."

"எந்த ராஜாடா?"

"யாரு கேக்கப் போறா? கேட்டா, கேட்டவனுக்குத்தான் விஷயம் தெரியலன்னு ஆகும்."

'மன்னர் ஓய்வெடுத்த அறை. தனிக் குளியலறை உண்டு' என்று போர்டு ஏறியது. ஒரே வாரத்தில் நான்கு அறைகளும் நிரம்பின. வந்தவர்களில் ஒருவர் சரித்திரப் பேராசிரியர். இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போய், இந்த விடுதியைப் பற்றிப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். அடிக்குறிப்பில் ஆதாரத்தையும் நேர்மையாகக் கொடுத்திருந்தார்: வாசலில் உள்ள போர்டு.

அந்தக் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு மரபுத் துறை அதிகாரி வந்து சேர்ந்தார்.

"எந்த மன்னர்?"

விடுதிக்காரர் உண்மையையே சொன்னார். "தெரியலீங்க சார்."

'பெயர் வெளியிட விரும்பாத மன்னர்' என்று அதிகாரி எழுதினார்.

"எப்ப வந்தார்?"

"அதுவும் தெரியல சார்."

'காலம் கணிக்க இயலாத தொன்மை உடையது.'

"கட்டடம் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"பன்னெண்டு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கூரையைப் பார்த்தார். விடுதிக்காரர் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில் பேனாவை எடுத்து, 'அண்மையில் புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதினார்.

குளியலறையில் நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. பிடி அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அதிகாரி செருப்பைக் கழற்றினார்.

"இதுலதான் குளிச்சாரா?"

"ஐயோ சார், அது போன மாசம் வாங்கினது," என்றாள் மனைவி.

"அம்மா, பிடியைப் பாருங்க. போன மாசம் வாங்கினது இந்தக் கதியிலயா இருக்கும்?"

அதற்கு வாளிக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. 'மேற்படி கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அறிவிக்கப்படுகிறது. ஆய்வுப் பணி நீங்கலாக, எவரும் இதனுள் தங்குதல், உறங்குதல், குளித்தல், ஆணி அடித்தல் ஆகியன தடை செய்யப்படுகின்றன.' பின்கட்டு அந்தப்புரம் என்று தீர்மானிக்கப்பட்டதால் குடும்பம் உடனே வெளியேற வேண்டியதாயிற்று. மகளின் மேசை 'அரச எழுதுமேசை' ஆகிவிட்டது. அதன்மேல் இருந்த அவளுடைய அல்ஜீப்ரா நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'இன்னும் படித்தறியப்படாத எழுத்து' என்று சீட்டு ஒட்டினார்கள். அவளுடைய கணக்கு டீச்சரும் அதே கருத்து உடையவர்தான்.

மூவரும் தம்பியின் ஒற்றை அறையில் போய் ஒண்டிக்கொண்டார்கள். யோசனை சொன்னவன் சமையல் மேடைக்குக் கீழே படுத்தான். அக்கா அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

விடுதிக்காரர் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினார். "சார், பொய் சார். ராஜா வரவே இல்ல. வீட்டைக் குடுத்துடுங்க."

"வரலைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"வந்தாருங்கறதுக்கே ஆதாரம் இல்லையே சார்!"

"ஏன் இல்ல? பேராசிரியர் எழுதியிருக்காரே."

"அவர் எங்க போர்டைப் பாத்து எழுதினார் சார்."

"போர்டை நீங்க எதை வச்சு எழுதினீங்க?"

"என் மச்சான் சொன்னான்."

"அப்ப வாய்மொழி மரபும் இருக்கு." அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

"நான் என்னதான் சார் செய்யணும்?"

"வரலைன்னு மன்னர் கைப்பட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. நகல் செல்லாது."

துறைக்கு இரக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவரையே தற்காலிகக் காவலராக நியமித்து ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். அவர் வீட்டில் யாரும் தூங்கிவிடாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மத்தியானம் கால் வலிக்கிறதே என்று தன் கட்டிலில் தானே உட்கார்ந்தார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

"அடுத்தது, 'ராஜாவோட காவல்காரர் உட்கார்ந்த கட்டில்'னு ஒரு போர்டு வச்சுக்குங்க," என்றாள் மனைவி.

பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண்மணி வாளி முன்னால் கைகட்டி நின்று, "அந்தக் காலத்து வாளி வாளிதான். இப்ப வர்றதெல்லாம் ரெண்டே மாசம்," என்றார்.

விடுதிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அதுல குளிச்சது நான்தாங்க."

"தொப்பியைக் குடுத்தா தலைக்கு ஏறிடுது பாரு!" அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கூட்டத்தைப் பார்த்த மற்ற விடுதிகளும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டில் ராணி தங்கினாள். அடுத்த தெருவில் இளவரசருக்குப் பல் முளைத்தது. துறை யாரையும் கைவிடவில்லை. அத்தனைக்கும் ஆணை போட்டது. கடைசியில் அந்தக் கடற்கரையில் தலைசாய்க்க இடமே இல்லாமல் போயிற்று. காலையில் வந்தவர்கள் சாயங்காலமே பஸ் ஏறினார்கள். 'பயணிகள் ஏன் இங்கே தங்குவதில்லை?' என்று கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்குத் துறையின் இயக்குநரே தலைவர்.

குழு மூன்று நாள் தங்கி ஆராய வேண்டும். தங்க இடம் இல்லை. அதிகாரி ஆணையை எடுத்துப் படித்தார். 'ஆய்வுப் பணி நீங்கலாக.' இயக்குநர் மாடி அறையில் தூங்கினார். நீல வாளியில் குளித்தார். விடுதிக்காரரின் மனைவிதான் மூன்று நாளும் வெந்நீர் சுமந்தாள். எதையும் காரணமில்லாமல் சுமக்கிறவள் அல்ல அவள்.

புறப்படும்போது கேட்டாள். "வசதியா இருந்துச்சா சார்?"

"ரொம்ப! ஜன்னலைத் திறந்தா கடல். இவ்வளவு எளிமையான, சுத்தமான இடம் எல்லாருக்கும் கிடைக்கணும்மா."

"அப்ப மனுஷங்க தங்கலாம்னு ஆச்சு. எங்க வீட்டை எங்களுக்கே குடுத்துடுங்க சார். எம்பொண்ணுக்குப் பரீட்சை வருது, படிக்க இடமில்ல."

இயக்குநரின் கண் கலங்கியது. "ஆவன செய்யச் சொல்றேன்மா," என்றார்.

ஆவன செய்யப்பட்டது. அடுத்த வாரம் வாசலில் இரண்டாவது போர்டு ஏறியது: 'மாண்புமிகு இயக்குநர் அவர்கள் தங்கி, நீராடிய அறை.'

"சார், இது என்ன சார் நியாயம்?" என்றார் விடுதிக்காரர்.

"ஆதாரம் இல்ல, ஆதாரம் இல்லன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்றார் அதிகாரி. "இந்தத் தடவை பதிவேட்டுல இயக்குநர் கையெழுத்தே இருக்கு."

இப்போது அங்கே இரண்டு வரிசை. மன்னருக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒன்று. இயக்குநர் வரிசைதான் நீளம். போன விடுமுறைக்கு நாங்களும் குடும்பத்தோடு போய் இரண்டு மணி நேரம் அதில்தான் நின்றோம். கடலைப் பார்க்க நேரமில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் தொப்பி போட்ட ஒருவர் எங்களிடம் என்னவோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு நின்றார். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம்.