சோப்புத் தண்ணியில் சேஃப்டி சார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் சேஃப்டி சாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். இரண்டாவது இடத்துக்கு வேண்டுமானால் நான் வரலாம். அதுவும் கம்பெனி பஸ்ஸில் பல வருஷம் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்ததில் ஒட்டிக்கொண்டது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி என்பதால் எங்களுக்கு அவர் சேஃப்டி சார், அவ்வளவுதான். கேன்டீனில் ஃபேன் கழன்று விழலாம் என்று ஹெல்மெட்டோடு சாப்பிடுவார். மணவாள நகரில் இருக்கும் அவர் வீட்டில் பிரஷர் குக்கர் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தல் கம்பத்தை ஆட்டிப் பார்ப்பார். பஸ்ஸில் நட்ட நடு சீட்டில்தான் உட்காருவார். வண்டி முன்னால் மோதினாலும் பின்னால் மோதினாலும் நடுவில் இருப்பவனுக்குச் சேதாரம் கம்மி என்பது அவர் கணக்கு.

ஆனால் அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. புகைபோக்கி மேலே பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் இவர் பெர்மிட் கொடுத்தால்தான் ஆள் ஏற முடியும். மற்ற கம்பெனிகளில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவரோ முதலில் தானே ஏறுவார். வாயில் முருகா முருகா ஓயாது. ஆள் நிற்கப்போகும் இடத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு இறங்கி வந்த பிறகுதான் கையெழுத்து. ஏன் சார் இந்த வேண்டாத வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் நிக்காத எடத்துல இன்னொருத்தனை நிக்க வெச்சுட்டு எனக்கு எப்டி சோறு எறங்கும், நைனா?" என்றார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அம்மா இல்லாமல் அவர் வளர்த்த பெண். அது அப்படியே நேர்மாறு. சம்பாதிக்க ஆரம்பித்ததும் கைமாறி வந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியது. இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் தரையைத் தொடலாம். கனடாவில் வேலை கிடைத்துப் போகும்போது காரை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடியே கையை நீட்டி ஸ்டார்ட் செய்து, கொஞ்சநேரம் உறுமவிட்டு அணைப்பார். அந்தக் காருக்கும் அவருக்கும் இருந்த உறவு அதுதான்.

போன வருஷம் ஒரு நாள் பஸ்ஸில் அவர் முகம் சரியில்லை. மகள் அங்கேயும் அதே மாதிரி ஒரு காரை வாங்கியிருக்கிறாளாம். குளிர்காலத்தில் அங்கே ஏரி உறைந்து சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வரிசையாகப் போக்குவரத்துக் கோன்களை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். இவளும் அதில் இறங்கப் போகிறாளாம். அப்பா வேண்டாம் என்றால் பெயர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அவ இதுவரிக்கும் எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பா. இப்போ கேக்குறான்னா இன்னா அர்த்தம்? அவளுக்கு உள்ள பயம். நான் வேணாம்னா அதையே புடிச்சிக்கினு நின்னுடுவா. அப்புறம் காலம்பூரா என்னை மாதிரி ஆயிடுவா."

அப்படியானால் சரி என்று சொல்லிவிடுங்கள் என்றேன். நான் எந்தப் பக்கமும் சாய்கிற ஆள். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. மகளுக்குப் பெர்மிட் கொடுப்பதற்கு முன்னால் மனிதர் புகைபோக்கியில் ஏறப் போகிறார்.

பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு டைல்ஸ் கம்பெனியின் யார்டில், கேட்டு வாங்கிய அனுமதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உறைந்த ஏரிக்கு ஏற்பாடு. பழவேற்காடு மீன்காரர்களுக்கு ஐஸ் போகும் இடத்திலிருந்து ஒரு மினி லாரி ஐஸ் வந்தது. உடைத்துப் பரப்பினோம். கும்மிடிப்பூண்டி வெயில் அதைப் பார்த்துச் சிரித்தது. லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் யார்டு முழுக்க வெறும் தண்ணீர். சார் அசரவில்லை. இரண்டு கேன் சோப்பு எண்ணெயை அதில் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தார். சோதித்துப் பார்க்கிறேன் என்று கால் வைத்தவர் அப்படியே உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் போய்வந்தார். திருப்தி என்றார்.

சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கோன்கள், மணல் வாளிகள், தீயணைப்பு சிலிண்டர்கள், ஓர் ஆம்புலன்ஸ், நடுவில் மகளின் சிவப்புக் கார். ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்க்க வந்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சார் இரண்டாவது ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். ஆபத்தான வேலையைத் தனி ஆளாகச் செய்யக்கூடாது, கூட ஓர் ஆள் இருக்க வேண்டும், அது அவருடைய சட்டம். எனக்குப் பயமாக இருந்தது. மறைத்துப் பேச ஒன்றுமில்லை, ஓடிப்போகத்தான் இடம் பார்த்தேன். ஆனால் காரில் ஏறி அவர் பெல்ட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டியதைப் பார்த்த பிறகு இறங்க மனம் வரவில்லை.

அந்தக் கார் மற்ற கார்களைப் போல முன் சக்கரத்தால் இழுத்துக்கொண்டு போவதில்லை. பின் சக்கரம் தள்ளும். வழுக்கும் தரையில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் பின்பக்கம் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மகளிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டு வைத்திருந்தார். பிரேக்கைத் தொடாதே, வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு, கோனைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். இந்த மூன்றையும் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

முதல் கோன் வரை நடந்து போனாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். திருப்பத்தில் கொஞ்சம் மிதித்தார். முதுகுக்குப் பின்னால் தரை காணாமல் போனது போல இருந்தது. வால் விர்ரென்று வெளியே போக, கம்பெனிச் சுவர், ஆம்புலன்ஸ், வேப்பமரம், மறுபடி கம்பெனிச் சுவர் என்று எல்லாம் கண்ணாடியில் ஓடின. அந்த நேரத்தில் எங்கள் சேஃப்டி சார் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வேகமாக ஆட்டினார். கிரேன் ஆபரேட்டருக்கு உடனே நிறுத்தச் சொல்லிக் காட்டும் சைகை அது. வாழ்நாள் முழுக்கக் காட்டிப் பழகிய கை. கிரேன் என்றால் நின்றிருக்கும். கார் நிற்கவில்லை, அவர் இடது கை மட்டும் என் மூக்கில் வந்து நின்றது.

மூன்று கோன்களைச் சாய்த்துவிட்டு வண்டி தானாக ஓய்ந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் கதவைத் தேடினேன். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நிறுத்தச் சொல்றதுக்கு ஆளே இல்ல நைனா. நாமதான் ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார். இன்னொரு தடவை சுற்றினோம். அதிலும் கை ஒருமுறை மேலே எழுந்தது, பாதியில் தடுத்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த சுற்றில் வால் கிளம்பியபோது அவர் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் கை மட்டும் வால் போன பக்கம் திரும்பியது. கார் ஒரு கணம் யோசித்தது, பிறகு நேரானது. அவர் பிரேக்கைத் தொடாமல், அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கேயே போனை எடுத்தார். அங்கே இரவு, மகள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மொத்தமே இரண்டு வாக்கியம்தான் பேசினார். "ரொம்ப பயமாத்தாம்மா இருக்குது. நீ போ."

குளிர்காலத்தில் அந்த நாளும் வந்தது. சாயங்காலம் மணவாள நகரில் அவர் வீட்டு சோபாவில் நாங்கள் இருவரும். மகளின் தோழி அங்கிருந்து போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்ற ஏரி, அதில் எறும்பு மாதிரி ஒரு கார். கடைசித் திருப்பத்தில் அது ஒரு முழுச் சுற்று சுற்றி, எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் திரும்பி, ஊர்ந்து வந்து கோட்டைத் தாண்டியிருந்தது. வந்தவர்களிலேயே அவள்தான் கடைசி.

போன் அவள் கைக்கு மாறியது. மூக்கெல்லாம் சிவந்து, மூச்சிரைக்க, "பயந்துட்டேம்பா" என்றாள்.

"நானும்தாம்மா," என்றார் அவர். "இன்னொரு ரவுண்டு இருக்குதாம்மா?"

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.