கறுப்பு டேப்புக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆண்டுக்கு ஒரே முறை நடக்கும் செர்பிய வீட்டுச் சடங்கு ஒன்றைப் படமெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.
2. நான் அதை எடுக்கவில்லை.
3. வேறொன்றை எடுத்தேன்.
4. அதை அம்மா பார்த்தார்.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டென்று அதுவரை எனக்கே தெரியாது. மின்னணுவியல் படித்தவள். சிங்கப்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் ஒளி, ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். வீட்டில் சோப்பு தீர்ந்தால்கூடப் பட்டியலில் எழுதிவிட்டுத்தான் கவலைப்படுவேன். என் நிதானத்தைக் குலைக்க செர்பியாவிலிருந்து யெலேனா வரவேண்டியிருந்தது.

யெலேனா அங்கே ஓர் அருங்காட்சியகக் காப்பாளர். மறைந்துவரும் கிராமத்துச் சடங்குகளைத் தேடிப் படமெடுப்பவர். எங்களிடம் இரண்டு மாதம் உரையாற்ற வந்தவர், தான் பல வருடமாகத் தேடிய பாட்டை இங்கே பொங்கோலின் அடுக்குமாடி வீடொன்றில் கண்டுபிடித்துவிட்டார்! பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்த செர்பியக் கப்பல் பொறியாளருக்கு அது தெரிந்திருந்தது. குடும்பப் புனிதரின் நாளன்று, வீட்டார் எல்லோரும் ஒரே ரொட்டியைப் பிடித்துச் சுற்றியபடி பாடும் பாட்டு. ஊரிலேயே அதை மறந்துவிட்டார்களாம்.

சடங்குக்கு முழுக் கோதுமை வேண்டும் என்றார் யெலேனா. தேக்காச் சந்தையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். (மேலே உள்ள பட்டியலில் இதற்குப் பூஜ்யம் என்று எண் கொடுத்திருக்க வேண்டும்.)

"நானே கூட்டிட்டுப் போறேன் லா. நீ உன் வேலையப் பாரு."

காலையில் போனவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். யெலேனாவின் கையில் கோதுமை, தலையில் மல்லிகைச் சரம், தோளில் என் துப்பட்டா.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு.

"ஒரு பாட்டுக்காக மூணு நாள் பனியில நடந்துச்சாம் அந்தப் பொண்ணு! நீ லிஃப்ட் ஓடலைன்னா கீழ கடைக்குக்கூடப் போகமாட்ட."

"நானும் படந்தான்மா எடுக்கிறேன்."

"நீ வயர் மாட்டுற. அது வேற."

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் அம்மா ஒருமுறைகூட அருங்காட்சியகத்துக்கு வந்ததில்லை. இப்போது வாரம் மூன்று முறை வந்தார், யெலேனாவுக்குச் சாப்பாட்டோடு. நான் தீர்மானித்தேன்: இந்தப் படத்தை அப்பழுக்கில்லாமல் எடுப்பேன். திரையில் என் பெயர் வரும். அதை அம்மா பார்க்கவேண்டும்.

சடங்கு நாளன்று பதினேழு வரிச் சரிபார்ப்புப் பட்டியலோடு பொறியாளர் வீட்டுக்குப் போனேன். பதினோராவது வரி: கேமராவின் சிவப்பு விளக்கு யாரையும் உறுத்தாதபடி கறுப்பு டேப் ஒட்டு. ஒட்டினேன். சோதனைக்காகப் பொத்தானை அழுத்தினேன். பதிவு ஓடத் தொடங்கியது. நிறுத்துவதற்குள், சமையலறையில் அம்மா (கோதுமை கிண்ட அவருக்கும் அழைப்பு!) யெலேனாவுக்கு ஊட்டிவிடுவதைப் பார்த்துவிட்டேன். கரண்டியால். ஊதி ஊதி.

கேமராவின் பக்கத்தில் நின்றபடியே அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினேன். அதாவது, நிறுத்தினேன்.

விளக்கு டேப்புக்கு அடியில். பதிவு ஓடுகிறதா என்று கேமராத் திரையின் மூலையிலும் எழுதிக் காட்டும்தான்; என் கண்ணோ அம்மாமேல். பொறியாளர் குரல் தழுதழுக்கப் பாடினார். யெலேனா விம்மினார். நான் துளி நடுக்கமில்லாமல் கேமராவை ரொட்டியோடு சேர்த்துத் திருப்பினேன். அவ்வளவு அழகாக நான் எதையும் எடுக்காமல் இருந்ததில்லை.

முடிந்ததும் மறுபடி அழுத்தினேன். அது பையின் உட்புறத்தை நாற்பது நிமிடம் எடுத்தது.

மறுநாள் படத்தொகுப்பு அறைக்குள் நுழைந்தால், யெலேனாவும் சாப்பாட்டுக் கேரியரோடு அம்மாவும் திரைக்கு முன்னால். திரையில் யாரும் தொடாத ரொட்டி. மிகத் தெளிவாக (மைக் பொருத்தியவள் நானல்லவா) என் குரல்:

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட ஊட்டிவிட்டதில்லப்பா! பேசாம அவளையே தத்தெடுத்துக்கச் சொல்லுங்க. நான் கிராஞ்சி பண்ணைப் பக்கம் போய்ச் செடி வித்துப் பொழச்சுக்கிறேன்."

என்ன சொல்கிறாள் என்று யெலேனா கேட்டார். அம்மா ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார், கிராஞ்சிக்கு எப்படிப் போவது என்பது உட்பட.

பிறகு பையின் இருட்டு.

"பாட்டு எங்கடி?" என்றார் அம்மா.

யெலேனா வெளுத்துப்போனார். சடங்கை இன்னொரு முறை நடித்துக் காட்டச் சொல்பவரல்ல அவர். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதிவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, என் புலம்பலை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாகச் சேமித்தார். தலைப்பு: 'மகளின் முறையீடு, சிங்கப்பூர்'. கீழே ஒளிப்பதிவு, ஒலி, குரல் மூன்றுக்கும் என் பெயர். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கோ லா," என்று யெலேனாவைத் தேற்றினார். "சுவா சூ காங்ல நம்ம வீடு இருக்கு. இவ ரூம் இருக்கு."

அன்றிரவு எனக்கும் ஒரு கரண்டி ஊதி ஊட்டினார். "ம், இதையும் ரெக்கார்ட் பண்ணிக்கோ."

இன்றும் நான் எதற்காவது முணுமுணுத்தால் அப்பா கேட்பார்: "டேப்ப எடுத்துட்டியாம்மா?"

இப்போதைய நிலவரம்: மறுவருடம் பாட்டு முறையாகப் பதிவாயிற்று. நான் விளக்கின்மேல் டேப் ஒட்டுவதில்லை. யெலேனா ஆண்டுதோறும் வருகிறார். என் அறையில் தூங்குகிறார். நான் ஹால் சோபாவில். துப்பட்டா இன்னும் திரும்பி வரவில்லை.