பெண் பார்க்க வந்த கார்

மெக்கானிக்கல் படித்தவர்களில் இரண்டு வகை உண்டு. பானெட்டைத் திறந்து வேலை பார்த்தவர்கள் ஒரு வகை. படம் வரைந்து பாகங்களைக் குறித்தே முதல் வகுப்பில் தேறியவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. இந்த உண்மை, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் கூடவே தெரிந்துவிட்டதுதான் வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அத்தை. முடிவெடுப்பவர் அத்தைதான் என்பது, அவர் கேசரியை வாயில் போட்ட பிறகே மற்றவர்கள் ஸ்பூனைத் தொட்டதில் தெரிந்தது. எனக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. (எவ்வளவு என்றால், "என்ன படிச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டதற்கு "ஆமாங்க" என்று சொல்லும் அளவுக்கு.)

"போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்ங்க" என்று எழுந்தார்கள்.

"சாப்பிட்டுட்டுப் போலாமே" என்றார் அப்பா.

அத்தை சிரித்தார். "அதெப்படிங்க? முடிவாகாம பொண்ணு வூட்ல கை நனைக்கக் கூடாதுல்ல."

எங்கள் பக்கம் அப்படித்தான். காபி, பலகாரம் எல்லாம் கணக்கில் வராது. இலை போட்டுச் சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை சாவியைத் திருகினார். "க்கீ...ய்ய்ய்ய்!" என்று கார் அலறியது. தெருநாய்கள் பதில் குரல் கொடுத்தன. அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"கெளம்புற நேரத்துல இதென்ன அபசகுனம்? ஆஃப் பண்ணுப்பா!"

எனக்குப் பிடித்த மாப்பிள்ளை ஒரு கீச்சுச் சத்தத்தால் கைநழுவிப் போவதா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினேன்.

"சகுனமெல்லாம் இல்ல அத்தை, எஞ்சின் பெல்ட்டு!" (நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் 'அத்தை'. அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது.)

பானெட்டைத் திறக்கும் பிடியைக் காரின் முன்பக்கம் முழுக்கத் தடவித் தேடினேன். அது டிரைவர் சீட் பக்கம் உள்ளே இருக்கிறதாம். மாப்பிள்ளையே அதை இழுத்துவிட்டார்.

"எங்க ஊரு சிமெண்டு லாரிப் புழுதி பெல்ட்ல படிஞ்சிருக்குங்க" என்று அறிவித்துவிட்டு, சொம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்தேன். போனில் வீடியோ பார்த்த ஞானம். மாப்பிள்ளை ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை! அப்பா கைதட்டிவிட்டார். அத்தையே லேசாகத் தலையாட்டினார். அதோடு காரை அனுப்பியிருந்தால் நான் மேதை. "இன்னொரு தடவ போடுங்க" என்றேன். ஈரம் காய்ந்திருந்த பெல்ட் முன்னைவிடப் பலமாக அலறியது.

"அப்ப பெல்ட்டு லூசு" என்றேன்.

"பெல்ட் மட்டுமா" என்று அம்மா முணுமுணுத்தார்.

அப்பா தண்ணி மோட்டாருக்கு வைத்திருந்த ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியால் நெம்பி, அந்தப் பழைய பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினேன். "இப்பப் போடுங்க!"

படார்! அறுந்த பெல்ட் செத்த பாம்பாகத் தரையில் விழுந்தது. கீச்சுச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. பெல்ட் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பரீட்சையில் வந்த கேள்வி.

ஞாயிறு என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பூட்டிக் கிடந்தன. பெரம்பலூரில் இருக்கும் மாப்பிள்ளையின் நண்பர் ஒரு பெல்ட்டைத் தேடிப்பிடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். "நாம பஸ்லயே போயிடலாமே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பட்டுப்புடவையோடு அந்தக் கூட்டத்தில் ஏறமாட்டேன் என்றுவிட்டார் அத்தை.

எல்லோரும் மறுபடி கூடத்தில் உட்கார்ந்தோம். மோர் கொடுத்தோம். கணக்கில் வராது, குடித்தார்கள். வாழைப்பழம் கொடுத்தோம். அதுவும் வராது. மதிய வெயில் ஏறிக்கொண்டே போனது, பெல்ட் வரவில்லை. அம்மா அப்பளம் பொரிக்க ஆரம்பித்தார். (வேண்டுமென்றே செய்ததை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.) அத்தை சமையலறைப் பக்கம் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஒனக்குப் பொண்ணு புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு அத்த."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எலையப் போடச் சொல்லுங்க!"

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாப்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அந்தச் சத்தம் தெனமும் வருங்க. ஒரு நிமிஷம் கத்திட்டுத் தானா நின்னுடும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அவ்ளோ ஆசையா பாக்குறப்ப எப்படிங்க சொல்றது?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பெல்ட்டை வேண்டுமானாலும் அறுத்திருப்பேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாராவது "சாப்பாடெல்லாம் வேணாம், கெளம்புறோம்" என்றால் என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "சாப்பிட்டுடுங்க. இல்லாட்டி இவ ஒங்க வண்டியப் பாத்துடுவா." யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அத்தை மட்டும், சாப்பிட்டாலும் நம்பமாட்டார். கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இலைக்கு முன் உட்காருவார்.